அக்கா தன்மேல் கொடுத்த புகார்

எங்கள் பல் மருத்துவமனையில் பற்களைச் சுத்தம் செய்கிறவளுக்கு உரிமத்தில் ஒரு நீளமான பதவிப்பெயர் உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. வருகிறவர்கள் எல்லோரும் 'கிளீனிங் அக்கா இருக்காங்களா?' என்றுதான் கேட்பார்கள். சிலர் டாக்டரம்மா என்பார்கள். "நான் டாக்டர் இல்லைங்க, பல்லைச் சுரண்டுறவ" என்று ஒவ்வொரு முறையும் திருத்துவாள். திருத்தாமல் விட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. இந்தக் குணத்தை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பின்னால் நடந்த அத்தனை கூத்துக்கும் அதுதான் காரணம்.

நான் அங்கே முன்மேசையில் உட்காருகிறவள். போன் எடுப்பது, நேரம் குறித்துக் கொடுப்பது, காத்திருப்பவர்களின் முறைப்பைத் தாங்குவது என்று ஆறு வருடம் ஓடிவிட்டது. அக்காவுக்குப் பத்தொன்பது வருடம். அந்தப் பத்தொன்பது வருடத்தில் அவள்மேல் ஒரு புகார் கிடையாது. கடைசியில் வந்த ஒன்றையும் அவளேதான் போய்க் கொடுத்தாள்.

நடந்தது இதுதான். சுரண்டும் கருவிகளைக் கழுவி, காகித உறையில் போட்டு ஒட்டி, பின்னறையில் இருக்கும் ஒரு பெட்டிக்குள் நீராவியில் வேகவைப்போம். நாங்கள் அதைக் குக்கர் என்போம். உறையின் ஓரத்தில் சின்னதாக ஓர் அம்புக்குறி இருக்கும். வைக்கும்போது ரோஜா நிறம். கிருமி செத்து வெளியே வரும்போது பழுப்பு. பழுப்பாகாத உறையைப் பிரிக்கக் கூடாது. அவ்வளவுதான் சட்டம், குழந்தைக்குக்கூடப் புரியும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் மின்சாரம் ஒரு நிமிடம் போய் வந்தது. குக்கர் பாதியில் நின்றிருக்கிறது. மின்சாரம் திரும்பியதும் வேலை முடிந்ததுபோல் பச்சை விளக்கைப் போட்டுக்கொண்டு சாதுவாக நின்றது. தொட்டால் உறைகள் சூடாகவும் இருந்தன. டாக்டர் மறுவாரம் விடுமுறையில் போவதால் எல்லோரையும் அந்த வாரத்திலேயே திணிக்கச் சொல்லியிருந்தார். நானும் கால் மணிக்கு ஓர் ஆள் என்று திணித்திருந்தேன். ஓய்வுபெற்ற ஒரு கணக்கு வாத்தியார், பக்கத்து அடுக்குமாடியின் காவல்காரர், செருப்புக்கடையில் வேலைசெய்யும் ஒரு பெண். மூன்று பேரை முடித்து நான்காவது உறையை எடுத்தபோதுதான் அக்கா குறியைப் பார்த்திருக்கிறாள். ரோஜா.

குப்பைக்கூடையில் கையை விட்டு முதல் மூன்று உறைகளையும் வெளியே எடுத்தாள். மூன்றும் ரோஜா. அவற்றை ஒரு தட்டில் வரிசையாக வைத்துக்கொண்டு அவள் நின்ற நிற்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

நேராக டாக்டரிடம் போனாள். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். இரண்டில் எது ஆபத்து என்று எனக்கு இன்றுவரை முடிவாகவில்லை.

"கழுவித்தானே வச்சீங்க?" என்றார்.

"கழுவுறதும் கிருமி நீக்குறதும் ஒண்ணா டாக்டர்?"

"ஒண்ணுன்னு சொல்லல. ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றேன்."

"ஆகாதுன்னா நல்லதுதான். மூணு பேருக்கும் சொல்லி, ரத்தம் சோதிச்சுப் பார்த்துட்டா நிம்மதி."

"சொன்னா நாளைக்கு இந்த வாசல்ல ஒரு ஈ காக்கா வராது. ஊதிப் பெருசாக்காதீங்க."

அவள் அவருக்கு இரண்டு நாள் அவகாசம் கொடுத்தாள். அவர் அதைத் தனக்குக் கிடைத்த வெற்றி என்று நினைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் அக்கா என் மேசைக்கு வந்தாள். "திங்கக்கிழமை அரைநாள் லீவு போடு. வாரியத்துக்குப் போகணும், துணைக்கு வா."

"டாக்டர்மேல புகாரா?"

"அவர் மேல எதுக்கு? என் கை, என் கருவி, பார்க்காதது என் கண்ணு. என் மேலதான்."

"அக்கா, வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிறீங்க."

"ஓணான் ஏற்கெனவே மடியிலதான் இருக்கு. நீ பார்க்கல."

எங்கள் தொழிலுக்கு உரிமம் கொடுப்பதும், தப்புச் செய்தால் பிடுங்குவதும் அந்த வாரியம்தான். மூன்றாவது மாடியில் நீண்ட ஒரு கூடம், வரிசையாக நாற்காலிகள், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா. எங்கள் எண் வர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. குமாஸ்தா கடுகடுப்பானவராக இருந்திருந்தால் தேவலை, திட்டிவிட்டாவது வந்திருப்போம். பாவி மனிதர் தங்கமாக இருந்தார்.

படிவத்தை வாங்கிக் கணினியில் ஏற்றினார். திரையில் சிவப்பாக ஏதோ வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி ஏற்றினார். மறுபடி சிவப்பு.

"புகார்தாரர்ங்கிற இடத்துலயும் உங்க உரிம எண். எதிர்த்தரப்புங்கிற இடத்துலயும் உங்க உரிம எண். தப்பா எழுதிட்டீங்கம்மா."

"தப்பா எழுதல. தப்பு செஞ்சதும் நான்தான், சொல்றதும் நான்தான்."

"ரெண்டு பேரும் ஒரே ஆளா இருக்க முடியாதுங்க."

"ஏன் முடியாது? இதோ நிக்கிறேனே."

அவர் எட்டிப் பார்த்தார், நிஜமாகவே சரிபார்ப்பதுபோல. "நீங்க நிக்கிறது எனக்குத் தெரியுது. கம்ப்யூட்டருக்குத் தெரியணுமே?"

ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டாள். வெள்ளைத்தாள் வந்தால் அது 'கருத்து' பிரிவுக்குப் போய்விடுமாம். அங்கே போனது எதுவும் திரும்பி வந்ததாக அவருக்கு நினைவில்லை. பிறகு எங்கள்மேல் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார்: புகாரை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், வேறு யார் பெயரிலாவது போட்டுவிடுங்கள்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த வேலை தேவையாக இருந்தது. இதை மறைத்து என்ன பயன்?

"வீட்டுக்காரர் இருக்காரா?" என்று குமாஸ்தா கேட்டார்.

வீட்டுக்காரர் குடிநீர் மீட்டர் கணக்கெடுப்பவர். தெருத்தெருவாக நடந்து, நாய்க்கும் வீட்டுச் சொந்தக்காரர்களுக்கும் ஒரேபோல் சிரித்துப் பழகியவர். அன்று மாலை படிவத்தை அவர் முன் வைத்தபோது இரண்டு முறை படித்தாராம். "கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷம். நீ குழம்புல உப்பை மறந்தப்பகூட நான் வாயத் திறந்ததில்ல. இப்ப உன் மேல எழுத்துல புகார் கொடுக்கச் சொல்ற."

"கையெழுத்துப் போடுங்க."

போட்டார்.

இரண்டு வாரம் கழித்து அவர்கள் வீட்டுத் தபால்பெட்டியில் ஒரே நாளில் இரண்டு கடிதங்கள் விழுந்தன. ஒன்று அவருக்கு: உங்கள் மனைவியின் தொழில் நடத்தை குறித்து நீங்கள் அளித்த புகார் பதிவாகியுள்ளது; உங்கள் அடையாளம் எதிர்த்தரப்புக்குத் தெரியாமல் பாதுகாக்கப்படும்; புகார் விவரங்களை எதிர்த்தரப்பிடம் பேச வேண்டாம். மற்றது அவளுக்கு: உங்கள்மேல் புகார் வந்துள்ளது, புகார்தாரர் யார் என்று அறிய முயல்வது தண்டனைக்குரியது, விசாரணை முடியும்வரை சம்பவம் குறித்து எந்த நோயாளியிடமும் பேசக் கூடாது. இரண்டையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இருவரும் படித்திருக்கிறார்கள். அவர் விழுந்து விழுந்து சிரித்தாராம். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசி வரியிலேயே அவள் கண் நின்றுவிட்டது.

மூன்று பேருக்கும் விஷயத்தைச் சொல்லவைப்பதற்காகத்தான் அவள் வாரியத்துக்கே போனாள். வாரியம் முதலில் செய்த காரியம், சொல்லக் கூடாது என்று உத்தரவு போட்டது. டாக்டருக்கும் அந்த உத்தரவின் ஒரு நகல் வந்தது. ஆவணங்களை அனுப்பச் சொல்லும் கடிதத்தோடு சேர்ந்து வந்தது அது. முதலில் கத்தினார், பிறகு கடைசி வரியைப் படித்துவிட்டுக் குளிர்ந்துபோனார். "வாரியமே பேசக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. நான் என்ன பண்ண முடியும்?" அந்தத் தாளை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அக்காவுடன் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். நான்கடி தூரத்தில் அவள் நிற்கும்போதே என்னைக் கூப்பிட்டு, "அடுத்த ஆளை உள்ள அனுப்பச் சொல்லுங்க அவங்ககிட்ட" என்பார். நான் திரும்பி, "அக்கா, அடுத்த ஆளாம்" என்பேன். அவள், "கேட்டுச்சு" என்பாள். ஒரு நாளைக்கு இருபது தடவை இந்த நாடகம் நடக்கும்.

இதற்கிடையில் அவளுடைய நாத்தனார் ஒருநாள் வீட்டுக்கு வந்தவள், மேசையில் கிடந்த கடிதத்தைப் படித்துவிட்டாள். அண்ணன் அண்ணிமேல் அரசாங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறான் என்ற செய்தி அன்று மாலைக்குள் சொந்தபந்தம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர் சமாதானம் பேச வந்து உட்கார்ந்தார்கள். "எதுவா இருந்தாலும் நாலு சுவருக்குள்ள பேசித் தீர்த்துக்கணும், ஆபீஸ் வரைக்கும் போகலாமா?" என்று அழுதாள் நாத்தனார். வீட்டுக்காரர் நடந்ததைச் சொன்னார். யாரும் நம்பவில்லை. அண்ணிக்குப் பயந்து மாற்றிப் பேசுகிறார் என்று முடிவுகட்டிக்கொண்டு காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

நான்காவது வாரம் விசாரணை அதிகாரி வந்தார். புகார்தாரரை வீட்டில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டுமாம். அப்போது எதிர்த்தரப்பு அந்த வீட்டில் இருக்கக் கூடாதாம். அக்கா காய்கறிப்பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைப் பேருந்து நிறுத்தத்தில் வெயிலில் ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அதிகாரி வீட்டுக்காரரிடம் ஏழாவது கேள்வியாக, "உங்களுக்குள்ள விவாகரத்து வழக்கு ஏதாவது இருக்கா? பழிவாங்குற நோக்கம் ஏதும்?" என்று கேட்டிருக்கிறார்.

"இருந்தா மீட்டர் ரீடிங் மாதிரி பளிச்சுனு சொல்லியிருப்பேன் சார்" என்றாராம் இவர். "அவ தெருமுனையிலதான் உட்கார்ந்திருக்கா. கூப்பிட்டா மூணு நிமிஷத்துல எல்லாத்தையும் ஒத்துக்குவா. உங்களுக்கும் வேலை மிச்சம்."

"அது நடைமுறை இல்லை" என்று அதிகாரி எழுதிக்கொண்டே சொன்னார்.

என்னையும் விசாரித்தார்கள். கால் மணிக்கு ஓர் ஆள் என்று நான் குறித்த பக்கத்தைக் காட்டினேன். அது யார் கண்ணுக்கும் படவில்லை. அவர்கள் பட்டியலில் முன்மேசைக்காரிக்கு உரிமம் இல்லை, அதனால் தப்பும் இல்லை.

அக்கா வாரத்துக்கு இரண்டு முறை வாரியத்துக்குப் போன் செய்வாள். என் மேசைப் போனிலிருந்துதான். "அந்த மூணு பேருக்கும் எப்பங்க சொல்லுவீங்க?" "விசாரணை நிலுவையில இருக்கும்மா." "கிருமி நிலுவையில இருக்குமா?" மறுமுனையில் யாரோ பொறுமையாகக் கோப்பு எண்ணைக் கேட்பார்கள். அவள் ஒப்பிப்பாள். எனக்கும் அந்தப் பதினோரு இலக்கமும் மனப்பாடமாகிவிட்டது. அவள் இளைத்துப்போனாள். சட்டைத் தோள்கள் தொங்கின. "விட்டுத் தொலைங்க அக்கா" என்று ஒருநாள் எரிந்துவிழுந்தேன். "உங்க கடமைய செஞ்சாச்சு, இனி அவங்க பாடு." அவள் மறுபடி போனை எடுத்து எண்ணை அழுத்தினாள். நான் சொன்னதன் அசிங்கம் எனக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

நாற்பத்தொன்றாம் நாள் கணக்கு வாத்தியார் போன் செய்தார். கடைவாய் ஈறில் ரத்தம் கசிகிறது, கிளீனிங் அக்கா ஒருமுறை பார்த்தால் தேவலை என்றார். வேறு நாள் தருகிறேன் என்று நான் இழுத்தேன். அவர் மறுநாள் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்.

அக்கா அவரை நாற்காலியில் சாய்த்தாள். விளக்கைத் திருப்பினாள். வாயைத் திறக்கச் சொன்னாள். பிறகு விளக்கை அணைத்து, நாற்காலியை நிமிர்த்தி, முகக்கவசத்தைக் கழற்றினாள். கதவு திறந்திருந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது.

"சார், போன தடவை நான் உங்களுக்குப் போட்ட கருவி சரியா கிருமி நீக்கினது இல்ல. நான் குறியப் பார்க்காம எடுத்துட்டேன். பெரும்பாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. ஆனா நீங்க ரத்தம் சோதிச்சுப் பார்க்கணும். இதை உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு இருக்கு. சொல்லிட்டேன்."

வாத்தியார் கழுத்தில் கட்டியிருந்த காகிதத் துண்டை மெதுவாக அவிழ்த்தார்.

"எப்ப தெரிஞ்சது உங்களுக்கு?"

"அன்னிக்கே சார்."

"நாப்பத்திரண்டு நாள்" என்றார். கணக்கு வாத்தியார் அல்லவா, விரல் விடாமலே வந்துவிட்டது. "என் வீட்டுல ஒரு நோயாளி இருக்கா, தெரியுமா? நான்தான் அவளுக்கு ஊட்டிவிடுறேன்." குரல் உயரவில்லை. வெளியே வரும்போது என் மேசை முன் நின்றார். "உங்களுக்கும் தெரியும், இல்ல?" நான் தலையசைத்தேன். கதவை அறைந்து சாத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

அக்கா அங்கேயே என் போனை எடுத்து மற்ற இருவருக்கும் சொன்னாள். செருப்புக்கடைப் பெண் அழுதாள். காவல்காரர், "அட, இதுக்கா இவ்வளவு தயங்கினீங்க? நாளைக்கே போய்க் குத்திக்கிறேன்" என்றார்.

வாத்தியார் வாரியத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். நாற்பத்திரண்டு நாள் எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டு எழுதியது. வாரியம் அதைப் படித்து அதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: எதிர்த்தரப்பு விசாரணைக் காலத்தில் சாட்சியைத் தொடர்புகொண்டிருக்கிறார். இரண்டாவது குற்றச்சாட்டு சேர்ந்தது.

பத்தாவது வாரம் விசாரணைக் குழு கூடியது. புகார்தாரர் என்பதால் வீட்டுக்காரரும் வரவேண்டியிருந்தது. இருவரும் ஒரே பேருந்தில் வந்து, எதிரெதிர் மேசையில் உட்கார்ந்தார்கள். குழுவில் மூன்று பேர். தலைவர் வயதான பல் டாக்டர். பொதுமக்கள் சார்பில் ஒருவர், கடைசிவரை பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். மூன்றாவது, அக்கா செய்யும் அதே வேலையைச் செய்யும் ஒரு பெண்மணி.

தலைவர் இரண்டாவது குற்றச்சாட்டிலேயே நின்றார். "உத்தரவுல தெளிவா எழுதியிருக்கே. படிக்கலையா நீங்க?"

"படிச்சேன் சார்."

"படிச்சுட்டும் ஏன் பேசினீங்க?"

"விசாரணை உங்களோடது. ரத்தம் அவங்களோடது. அது எத்தனை நாள் காத்திருக்கும்னு உத்தரவுல எழுதல."

தலைவர் தொண்டையைச் செருமினார். அந்தப் பெண்மணி மட்டும் முதல் குற்றச்சாட்டுக்கு வந்தார். "குறிய ஏன் பார்க்கல? கூட்டமா?"

நான் சாட்சி நாற்காலியில் இருந்தேன். ஆமாம் என்று சொல் அக்கா, என்று மனசுக்குள் கெஞ்சினேன். பாதிப் பழி என்மேல் வந்தாலும் பரவாயில்லை என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தோன்றியது.

"கூட்டம்னு சொல்லலாம். ஆனா அது இல்லைங்க" என்றாள். "பத்தொம்பது வருஷமா எடுத்த ஒவ்வொரு உறையிலயும் அது பழுப்பாதான் இருந்துச்சு. ஒருநாள்கூட மாறினதில்ல. அப்படியே ஒருநாள் பார்க்கிறதையே விட்டிருக்கேன். எப்ப விட்டேன்னு யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறேன், ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது."

அந்தப் பெண்மணி எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். தன் வேலையிடத்துக் குக்கர் அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

கடைசியாகத் தலைவர் புகார்தாரரைப் பார்த்து, வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார். வீட்டுக்காரர் எழுந்து நின்றார். "இவ கொடுக்க வந்த புகாரை இவ பேர்லயே நீங்க வாங்கியிருந்தா, என் தங்கச்சி என்கூடப் பேசிட்டு இருந்திருப்பா சார்." குறிப்பில் அது ஏறவில்லை.

மூன்று பேரின் ரத்தமும் சுத்தம் என்று முடிவு வந்தது. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தபோதும் சுத்தம். வாத்தியார் வீட்டு அம்மாவுக்கும் ஒன்றுமில்லை. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா பின்னறைத் தொட்டியில் முகத்தைக் கழுவிக் கழுவி நின்றாள். குழாயை மூட நான்தான் போனேன்.

தீர்ப்பு தபாலில் வந்தது. கிருமி நீக்காத கருவியைப் பயன்படுத்தியதற்கு எழுத்துமூலம் கண்டனம், ஆறு மணி நேர வகுப்பு. மூன்று பேரிடம் உண்மையைச் சொன்னதற்கு உரிமம் முப்பது நாள் நிறுத்தம். நான் அதைத் தலைகீழாகப் படித்துவிட்டேனோ என்று திரும்பப் படித்தேன். இல்லை. அதுதான். கீழே ஒரே வரியில், ஓர் உறுப்பினர் உடன்படவில்லை என்று இருந்தது. டாக்டருக்கு, குக்கருக்கு பேட்டரி வைக்கும்படி அறிவுரை. வைத்தார்.

"உப்பைத் தின்னேன், தண்ணி குடிச்சுத்தான் ஆகணும்" என்றாள் அக்கா. "ஆனா இவங்க தண்ணிய வேற எதுக்கோ ஊத்துறாங்களே?" முப்பது நாளும் வீட்டில் இருந்தாள். மூன்று பக்கத்துக்கு வாரியத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள்: படிவத்தில் 'என்மேல் நானே' என்று ஒரு கட்டம் சேருங்கள், உத்தரவு போடும்முன் நோயாளிக்குச் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். படிவத் திருத்தக் குழு அடுத்து கூடும்போது பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. அந்தக் குழு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கூடுமாம்.

முப்பத்தொன்றாம் நாள் வேலைக்கு வந்தாள். டாக்டர் அறை வாசலில் நின்று, "வந்துட்டீங்களா?" என்று நேராகவே கேட்டார். நடுவில் நான் தேவைப்படவில்லை. வாத்தியார் வேறு மருத்துவமனைக்கு மாறிவிட்டார், அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. நாத்தனார் இன்னும் பேசவில்லை.

வாரியத்தின் இணையப் பக்கத்தில் அக்காவின் உரிம எண்ணைத் தட்டினால், 'வாரிய உத்தரவை மீறியதால் முப்பது நாள் நிறுத்தம்' என்று ஐந்து வருடத்துக்கு வரும். எந்த உத்தரவு என்று அங்கே இல்லை. அதனால் புதிதாக வருகிறவர்கள் எனக்குப் போன் செய்து கேட்கிறார்கள். நான் முதலிலிருந்து சொல்கிறேன். கணவர் கொடுத்த புகார் என்று வரும்போதே பாதிப்பேர் போனை வைத்துவிடுகிறார்கள். போன வாரம் ஒருவர் மட்டும் கடைசிவரை கேட்டார். கொஞ்சம் யோசித்தார். "அப்ப அவங்ககிட்டயே எனக்கு ஒரு நேரம் போடுங்க" என்றார்.

புதன்கிழமை பத்தரைக்கு எழுதி வைத்தேன். கால் மணி இல்லை, அரை மணி நேரம் கொடுத்தேன். மனிதர் பதினொன்றே காலுக்கு வந்து சேர்ந்தார்.